‘இயன்றவரை’: ஒரு வார்த்தை குறித்து

சென்ற மாதம் வேலூரில் ஒரு வாசிப்புக் கூட்டம். பத்துப் பன்னிரண்டு பேர். வழக்கம்போல் எல்லோரும் எழுதுகிறவர்கள். ஒரு நண்பர் தன் நீள்கவிதையை வாசித்தார். ஆம்பூரைப் பற்றியது. ஊர் அதில் மேகநோய் முற்றிய ஒரு பெண்ணாக வருகிறாள். பாலாறு அவள் உடம்பிலிருந்து வடியும் சீழ். வாசித்து முடித்ததும் ஒருவர் “பயங்கரமான படிமம்” என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் பாதி நண்பர் மீது, மீதிப் பாதி தலையாட்டிய என் மீது. நண்பர் இதைப் படிப்பார் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

தொழிற்சாலைக் கழிவையும் மனிதப் பேராசையையும் சொல்ல வேண்டியிருக்கும்போது நமது புதுக்கவிஞர்களுக்கு உடனே கைக்குக் கிடைப்பது ஒரு பெண்ணின் நோய். நாற்பது ஐம்பது வருஷமாக இது நடக்கிறது. நகரம் வேசி, நாகரிகம் குஷ்டம், அரசியல் வெட்டை. நோயை உருவகமாக்குவதில் உள்ள அநியாயத்தை சூசன் சொன்டாக் 1978-இலேயே ஒரு புத்தகமாக எழுதிவிட்டார். அதை நாம் படித்தோம், மேற்கோளும் காட்டினோம். ஆனால் உருவகத்துக்கு இரவல் கொடுத்த அந்த உடம்பு எங்கே போய் ஊசி போட்டுக்கொள்கிறது, யாரிடம் தன் பெயரைச் சொல்லவேண்டியிருக்கிறது என்ற கேள்வி நமது பக்கங்களில் வந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

இதை எழுத இவனுக்கு என்ன யோக்யதை என்று கேட்கலாம். நான் டாக்டரில்லை, வக்கீலில்லை. ஆங்கில இலக்கியத்தில் ஒரு பி.ஏ.வை வைத்துக்கொண்டு பாங்கில் குமாஸ்தாவாக இருப்பவன். வார்த்தைகளை நிதானமாகப் படிப்பது மட்டுமே எனக்குத் தெரிந்த காரியம். சட்டமும் வார்த்தைகளால் ஆனதுதான் என்ற ஒரே தைரியத்தில் எழுதுகிறேன்.

முதலில் நமது வார்த்தைகள். இந்த நோய்களுக்குத் தமிழில் பெயர்ப் பஞ்சமில்லை. மேகம், வெட்டை, கிரந்தி, கொறுக்கு, அரையாப்பு. சிஃபிலிஸைப் பறங்கிப்புண் என்றோம். பழியைப் பறங்கியின் தலையில் போட்டோம். அதற்குக் கொடுத்த மருந்துச் சரக்குக்கும் பறங்கிப்பட்டை என்றே பெயர். ஐரோப்பாவிலும் இதே கதைதான். இத்தாலியனுக்கும் ஆங்கிலேயனுக்கும் அது பிரெஞ்சு நோய்; பிரெஞ்சுக்காரனுக்கு நேப்பிள்ஸ் நோய். இப்போது ஆஸ்பத்திரிச் சுவர்களில் நாகரிகமாக ‘பால்வினை நோய்’ என்று எழுதியிருக்கிறார்கள். வினை என்றால் செயல்தானே என்று இதை உண்டாக்கியவர்கள் சொல்லக்கூடும். தமிழன் காதில் வினை என்று விழுந்தால் வினைப்பயன் என்றுதான் விழும். காசநோய்க்கு நுரையீரல்வினை என்று யாரும் பெயர் வைக்கவில்லை. சுவரில் எழுதிய பெயரே நோயாளிக்குத் தீர்ப்பும் சொல்லிவிடுகிறது. அந்தச் சுவரைத் தாண்டித்தான் அவன் உள்ளே போகவேண்டும்.

இனி நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

எங்கள் கிளைக்கு நகைக்கடனுக்காக ஒருவர் வந்தார். டேனரியில் தோல் டிரம்மில் வேலை. மனைவியின் கம்மல்; ஐந்து கிராம் இருக்கும். விண்ணப்பத்தில் ‘நோக்கம்’ என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன். “வீட்டுச் செலவுன்னு போடுங்க சார்” என்றார். பணத்தை வாங்கிக்கொண்டு போனவர் திரும்பி வந்து சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை நீட்டினார். “இதுல இன்னா எழுதியிருக்குன்னு கொஞ்சம் படிச்சு சொல்லுங்க சார்.” மாதம் ஒரு முறை ஏதோ ஒரு லாட்ஜில் வந்து தங்கும் பரம்பரை வைத்தியர் ஒருவர் கொடுத்த சீட்டு அது. ஆங்கிலத்தில் இருந்தது. ஒரு மண்டலத்துக்கு மருந்து, அதற்கு ஒரு தொகை, நோயின் இடத்தில் ‘பொதுப் பலவீனம், வி.டி.’ என்று இரண்டு சொற்கள். வி.டி. என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். நான் “உடம்பு பலவீனத்துக்கு மருந்து எழுதியிருக்கார்” என்றேன். அடுத்த சொல்லை மொழிபெயர்க்கவில்லை. பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள் என்பது காரணம். உண்மையான காரணம், அந்த வார்த்தையை அந்தக் கவுண்டரில் என் வாயால் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. கவிதையில் வந்தால் தலையாட்டுகிறவன் நான்.

சில மாதங்கள் கழித்து அவர் மனைவி வந்தார். ஷூ கம்பெனியில் தையல் பிரிவு, அப்போது நிறைமாதம். முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் மகப்பேறுப் பணம் கணக்கில் ஏறிவிட்டதா என்று பார்க்க வந்திருந்தார். பாஸ்புத்தகத்துக்குள் மடித்து வைத்திருந்த ஒரு சீட்டை எடுத்து, “வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வரச் சொல்லித்தானே சார் எழுதியிருக்காங்க?” என்று கேட்டார். கர்ப்பிணிகளுக்குச் செய்யும் ரத்தப் பரிசோதனையில் தெரியவந்து ஊசி போட்டு, கணவரும் சிகிச்சைக்கு வரவேண்டும் என்று எழுதியனுப்பியிருந்தார்கள். “ஆமாம்மா” என்றேன். “சொன்னா, எனக்கு ஒண்ணுமில்ல, நான் முன்னாடியே மருந்து சாப்ட்டாச்சுன்றாரு” என்றார். ஒரே வீட்டின் இரண்டு சீட்டுகளையும் படித்தவன் ஊரில் நான் ஒருவன்தான். முதல் சீட்டைப் பற்றி இவரிடம் சொல்வது அவருக்குத் துரோகம். சொல்லாமலிருப்பது இவருக்குத் துரோகம். நான் சொல்லவில்லை. கெடு தாண்டியும் கம்மலை மீட்க யாரும் வரவில்லை. ஏலப் பட்டியலைத் தயாரித்தவனும் நானே.

கவனிக்கவேண்டியது இதுதான். அந்த நோய்க்கு மருந்து 1943-இலேயே கண்டுபிடித்தாயிற்று. ஆரம்ப நிலைச் சிஃபிலிஸுக்கு 24 லட்சம் யூனிட் பென்சதைன் பென்சிலின், ஒரே தடவை. பழைய, மலிவான மருந்து. அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு வாங்குவதில்லை. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனம் இந்த நோய்களின் அறிகுறிகளைப் பிரித்து, ஏழு நிறங்களில் மருந்துப் பொட்டலங்களே வகுத்தது. துணைவருக்கும் சிகிச்சை தரவேண்டும் என்று வழிகாட்டியும் எழுதியது. இதை மறைத்து எழுதினால் நான் லாட்ஜ் வைத்தியருக்கு உதவி செய்தவனாவேன். மருந்து இருக்கிறது, இலவசம், வழிகாட்டி இருக்கிறது. பிறகு ஏன் அந்த மனிதர் கம்மலை அடகு வைத்தார்?

அறியாமை என்பார்கள். எனக்கு அது போதவில்லை. ஆஸ்பத்திரி புறநோயாளிப் பிரிவு காலையோடு முடிகிறது. டேனரியிலும் ஷூ கம்பெனியிலும் அதே காலையில் உள்ளே இருக்கவேண்டும். வெளியே வர கேட் பாஸ், கேட் பாஸுக்குக் காரணம், காரணத்துக்கு ஒரு சூப்பர்வைசர். வீட்டில் உட்கார்ந்து மேல்தோல் தைத்துக் கொடுக்கும் பெண்களுக்கு ஈ.எஸ்.ஐ. அட்டையும் கிடையாது. லாட்ஜ் வைத்தியர் மாலையில் இருக்கிறார், பெயர் கேட்பதில்லை, யாரிடமிருந்து வந்தது என்று உரக்கக் கேட்பதில்லை. அவர் விற்பது மருந்தை அல்ல, ரகசியத்தை. அரசாங்கம் மருந்தை இலவசமாகக் கொடுத்துவிட்டு ரகசியத்தை நர்ஸின் நல்ல குணத்துக்கு விட்டுவிட்டது. நல்ல நர்ஸ்கள் நிறைய இருக்கிறார்கள். ஆனால் நல்ல குணத்தை யாரும் கோர்ட்டில் கேட்டு வாங்க முடியாது. கேட்டு வாங்கக்கூடியது உரிமை ஒன்றுதான். அதற்குச் சட்டம் வேண்டும்.

சட்டம் இந்த நோயை அறியாமலில்லை. நன்றாகவே அறியும். 1868-இல் வந்த 14-ஆம் சட்டம், தொற்றுநோய்கள் சட்டம், தொழில் செய்யும் பெண்களைப் பதிவு செய்தது, கட்டாயமாகப் பரிசோதித்தது, நோயிருந்தால் லாக் ஆஸ்பத்திரியில் அடைத்தது. சென்னையிலும் அப்படி ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. வெள்ளைச் சிப்பாய்க்காகப் போட்ட சட்டம்; சிப்பாயைப் பரிசோதிக்கச் சொல்லவில்லை. எதிர்ப்புகளுக்குப் பிறகு 1888-இல் ரத்தானது. சுதந்திரம் வந்தது. 1954-இன் மாய மருந்துகள் விளம்பரச் சட்டம், மேகநோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக்கூடாது என்றது. 1955-இன் இந்துத் திருமணச் சட்டம், தொற்றும் நிலையிலுள்ள மேகநோயை விவாகரத்துக்குக் காரணமாக்கியது. அதே பட்டியலிலிருந்த குஷ்டத்தை 2019-இல் நீக்கினார்கள், இதை விட்டுவைத்தார்கள். விபசாரத் தடுப்புச் சட்டத்தில் 1986-இல் சேர்த்த ஒரு பிரிவு, மாஜிஸ்டிரேட் முன் கொண்டுவரப்படும் பெண்ணுக்கு இந்த நோய் இருக்கிறதா என்று டாக்டர் பார்க்கவேண்டும் என்கிறது. பார்த்தபின் சிகிச்சை தரவேண்டும் என்று அந்தப் பிரிவில் ஒரு வார்த்தை இல்லை. வெகுகாலம் நமது மெடிக்ளெய்ம் பாலிசிகளின் விலக்குப் பட்டியலில் ‘வெனீரியல் டிசீஸ்’ என்பது, வேண்டுமென்றே தனக்குத்தானே செய்துகொண்ட காயத்துக்கும் போதைப் பழக்கத்துக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. சக ஊழியர்களுக்கு கிளெய்ம் பாரம் நிரப்பிக் கொடுத்தவன் என்ற முறையில் அந்த வரி எனக்கு மனப்பாடம்.

விளம்பரமாக, விவாகரத்துக் காரணமாக, விசாரணைப் பொருளாக, விலக்காக. இத்தனை இடங்களில் சட்டம் நோயை அறிந்திருக்கிறது. சிகிச்சை கேட்டு வருகிற ஆளாக நோயாளியை அறிந்த இடம் இந்தப் பட்டியலில் எங்கே?

இதில் வேலூருக்கு ஒரு பங்கு உண்டு, அதை இந்த ஊர்க்காரர்களே மறந்துவிட்டோம். 1986 பிப்ரவரியில் சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி செல்லப்பன் நிர்மலா, பேராசிரியை சுனிதி சாலமனின் யோசனைப்படி, சென்னையில் தொழில் செய்த பெண்களிடம் எடுத்த ரத்த மாதிரிகளை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு ராத்திரி ரயிலில் காட்பாடி வந்து இறங்கினார். சி.எம்.சி.யில் ஜேக்கப் ஜானின் ஆய்வுக்கூடத்தில் ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின. இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்பது அப்படித்தான் தெரிந்தது. விஞ்ஞானத்தில் அது பெரிய காரியம். அந்த இளம் பெண்ணின் தைரியத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ரத்தம் கொடுத்த பெண்கள் அரசுக் காப்பகத்தில் அடைபட்டிருந்தவர்கள்; எதற்காக ரத்தம் எடுக்கிறார்கள் என்று அவர்களிடம் சொல்லப்படவில்லை. நோய் கண்ட பெண்களைத் தண்டனைக் காலம் முடிந்தும் வெளியே விடாமல் வைத்திருந்து, சென்னை உயர்நீதிமன்றம் வரை போனபின்தான் விட்டார்கள். 1888-இல் ரத்தான சட்டம் நூறு வருஷம் கழித்தும் அதிகாரிகளின் தலைக்குள் ரத்தாகாமலே இருந்திருக்கிறது.

முப்பது வருஷம் கழித்து 2017-இல் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் (தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம் வந்தது; 2018 செப்டம்பர் 10 முதல் அமல். இதை நான் மதிக்கிறேன். சம்மதமில்லாமல் பரிசோதிக்கக்கூடாது. நோயை வெளியே சொல்லக்கூடாது. வேலையில், பள்ளியில், ஆஸ்பத்திரியில், இன்ஷூரன்ஸில் பாரபட்சம் கூடாது. புகாரைக் கேட்க மாநிலத்துக்கு ஒரு குறைதீர்ப்பாளர். வழக்குப் போடுகிறவர் தன் பெயரை மறைத்துப் புனைபெயரில் போட கோர்ட் அனுமதிக்கலாம். மனைவிக்கு அடி உதையோ, வீட்டைவிட்டுத் துரத்தலோ நேரும் என்று அஞ்சக் காரணமிருந்தால், துணைவருக்குச் சொல்லக்கூடாது என்று டாக்டரைத் தடுக்கிறது. இதை எழுதியவருக்கு நமது வீடுகள் தெரிந்திருக்கின்றன.

ஆனால் 14-ஆம் பிரிவுக்கு வரும்போது அந்தக் கை நடுங்கிவிடுகிறது. பரிசோதனை வசதி, ஏ.ஆர்.டி. மருந்து, கூடவரும் தொற்றுகளுக்குச் சிகிச்சை ஆகியவற்றை அரசாங்கம் ‘இயன்றவரை’ வழங்கவேண்டும் என்கிறது. பாரபட்சம் இயன்றவரை கூடாது என்று எழுதவில்லை. ரகசியத்தை இயன்றவரை காக்கவேண்டும் என்றும் எழுதவில்லை. சிகிச்சை என்று வந்த இடத்தில் மட்டும் அந்த ஒரு சொல். மசோதா நிலையிலேயே நோயாளிகளின் அமைப்புகள் இதை எடுக்கச் சொல்லிப் போராடின. எடுக்கவில்லை. பாங்கில் கடன் பத்திரத்தில் ‘இயன்றவரை திருப்பிச் செலுத்துகிறேன்’ என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால் என் மேனேஜர் என்ன செய்வார் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

இரண்டாவது குறை இன்னும் பெரிது. அந்தச் சட்டம் ஒரே ஒரு வைரஸுக்கானது. எச்.ஐ.வி.க்கு வழி திறக்கிற பறங்கிப்புண்ணும் வெட்டையும் அதற்கு வெளியே நிற்கின்றன. நம்பிக்கை மையத்தில் ஒரே விரலில் எடுத்த ஒரே துளி ரத்தத்தில் எச்.ஐ.வி. என்று வந்தால் அவருக்குச் சட்டம் இருக்கிறது. சிஃபிலிஸ் என்று வந்தால் அவருக்கு நர்ஸின் நல்ல குணம் இருக்கிறது.

வேறு விதமாகவும் செய்யலாம் என்பதற்கு உதாரணம் தேட வெகுதூரம் போகவேண்டாம். நம்மைக் கட்டி ஆண்டவனே தன் வீட்டில் வேறு மாதிரிதான் செய்துகொண்டான். 1916-இல் இங்கிலாந்தில் விதிமுறைகள் வந்தன: உள்ளாட்சிகள் இந்த நோய்களுக்கு இலவசமாக, ரகசியமாகச் சிகிச்சை தரவேண்டும், செலவில் 75 சதவீதம் கஜானா கொடுக்கும். 1917-இல் போலி வைத்தியர்களைத் தடை செய்யும் சட்டம் வந்தது. அதில் ஒரு நிபந்தனை: ஒரு பகுதியில் இலவசச் சிகிச்சை நடைமுறைக்கு வந்தபின்தான் அங்கே தடையைக் கொண்டுவரலாம். யுத்த காலம், சிப்பாய்களைப் பற்றிய கவலை. கருணையால் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வரிசை சரி. முதலில் ஆஸ்பத்திரியின் கதவைத் திற, பிறகு லாட்ஜின் கதவை மூடு. 1954-இல் நாம் விளம்பரத்தை மட்டும் தடுத்தோம். வைத்தியர் ‘ஆண்மைக்குறைவு, இளமைத் தவறுகள்’ என்று வார்த்தையை மாற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுச் சுவரில் இன்னும் இருக்கிறார்.

துணைவர் விஷயம். கிளமிடியா போன்ற நோய்க்கு வந்தவரிடமே, டாக்டர் பார்க்காத துணைவருக்கும் மருந்து கொடுத்தனுப்பலாம் என்று கலிபோர்னியா செய்த சட்டம் 2001-இல் அமலுக்கு வந்தது. பிறகு அமெரிக்காவின் மற்ற மாநிலங்கள் பலவும் செய்தன. நம் நாட்டில் 1945-இன் மருந்து விதிகளில் 65-ஆம் விதி, மருந்துச் சீட்டில் யாருக்குச் சிகிச்சையோ அவர் பெயரும் விலாசமும் இருக்கவேண்டும் என்கிறது. மிருகத்துக்கான மருந்து என்றால் உரிமையாளரின் பெயரும் விலாசமும் போதும். மாட்டுக்கு அதைக் கொண்டுவந்தவன் பெயரில் மருந்து வாங்கலாம். வராத புருஷனுக்கு, வந்த மனைவியின் பெயரில் வாங்க முடியாது.

இதற்கு நியாயமான ஆட்சேபம் உண்டு, அதை நான் தள்ளவில்லை. பென்சிலின் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. சிஃபிலிஸுக்கு அது ஊசி, வீட்டுக்குக் கொடுத்தனுப்ப முடியாது. எந்தப் புருஷனும் மாத்திரையைக் கொண்டுபோய் “சத்து மாத்திரை, சாப்பிடு” என்று மனைவிக்குக் கொடுக்கக்கூடியவன்தான். அது சிகிச்சை என்ற பெயரில் இன்னொரு ஏமாற்று. ஆகவே மருந்தோடு அது எதற்கு என்று தமிழிலும் உருதுவிலும் எழுதிய ஒரு தாள் போகவேண்டும், கேட்க ஓர் ஆள் இருக்கவேண்டும், ஊசி தேவைப்படுகிறவருக்கு மாலையில் ஓர் அறை திறந்திருக்கவேண்டும். இந்த ஆட்சேபங்களெல்லாம் சட்டம் வேண்டாம் என்பதற்கான காரணங்கள் அல்ல. சட்டத்தை எப்படி எழுதவேண்டும் என்பதற்கான குறிப்புகள்.

சட்டம் போட்டால் மனம் மாறிவிடுமா என்று கேட்கிறவர்களுக்கு நான் பாலாற்றைக் காட்டுகிறேன். 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம், வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில், மாசுபடுத்தியவனே ஈடு செலுத்தவேண்டும் என்றது. டேனரி முதலாளிகளின் மனம் மாறியதா, எனக்குத் தெரியாது. ஆறு திரும்பி வந்துவிடவில்லை. ஆனால் கிணறு கெட்ட விவசாயி அதன்பின் பிச்சைக்காரனாக இல்லை, வாதியாக நின்றான். ஆற்றுக்காகப் பெயர் போட்டுக் கையெழுத்திட ஆட்கள் இருந்தார்கள். பறங்கிப்புண்ணுக்காகக் கையெழுத்திட யார் வருவார்கள்? நோயின் பெயரே மனுதாரரை அழித்துவிடுகிறது. அதனால்தான் 2017 சட்டத்தின் சம்மதம், ரகசியம், பாரபட்சமின்மை, புனைபெயரில் வழக்கு ஆகிய எல்லாவற்றையும் பாலுறவால் தொற்றும் எல்லா நோய்களுக்கும் விரிக்கவேண்டும் என்கிறேன். வேலை முடிந்து வருகிறவர்களுக்கான நேரமும் துணைவருக்கான மருந்தும் அதில் எழுதப்படவேண்டும். ‘இயன்றவரை’யை எடுத்துவிடவேண்டும்.

என் நண்பரின் கவிதைக்கு வருகிறேன். அவரை எழுதாதே என்று சொல்ல நான் யாருமில்லை. ஆனால் அந்தப் பெண்ணை அவர் ஊருக்கு உருவகமாக நிறுத்தியபோது நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம் என்பதும், சட்டம் அவளை விலக்குப் பட்டியலில் நிறுத்தியபோது யாரும் ஒரு வரி எழுதவில்லை என்பதும் ஒரே ரசனையின் இரண்டு பக்கங்கள். இரண்டிலும் அவள் வேறு எதையோ குறிக்கிறாள். அவளுக்கு எதுவும் கிடைப்பதில்லை. நான் மட்டும் யோக்கியன் என்று சொல்லவில்லை. இரண்டெழுத்தை மொழிபெயர்க்கக் கூசியவன் நான். அன்று கவுண்டரில் “இது மேகநோய், பெரியாஸ்பத்திரியில் இலவசமாகப் பார்ப்பார்கள், வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்” என்று சொல்லியிருந்தால் பதினைந்து வினாடி ஆகியிருக்கும். அந்தப் பதினைந்து வினாடி என்னைப் போன்ற ஒரு குமாஸ்தாவின் கூச்சத்தை நம்பி இருக்கவேண்டிய அவசியம் இல்லாத நாடு வேண்டும் என்பதற்காகத்தான் சட்டம் கேட்கிறேன்.